துலுக்காணம் வாங்கிய இரண்டு மதிப்பெண்

காலாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்பு செல்லியம்மாள் கணக்கில் இருபத்தேழு மதிப்பெண் வாங்கினாள். அதற்கு விளக்கம் கேட்டு அவளுடைய தகப்பனார் துலுக்காணத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது.

துலுக்காணம் திருவள்ளூரில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர். அவருக்கு எண்கள் தெரியும், மூட்டைமேல் எழுதியிருக்குமே, அந்த அளவுக்கு. எழுத்து தெரியாது. ஆகவே கடிதத்தைச் செல்லியே படித்துக் காட்டினாள். "தங்கள் இல்லத்தில் கல்விச் சூழல் குன்றியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது" என்று அதில் இருந்தது.

"இன்னா குன்றிக்கீதாம்?" என்று கேட்டார் துலுக்காணம்.

"நம்ம ஊட்ல ஏதோ கொறயாம் நைனா."

வீட்டில் என்னென்ன குறை என்று அவருக்குத் தெரியும். அதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்றுதான் புரியவில்லை. மறுநாள் ஆலையில் அரை நாள் கேட்டுக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, நெல்லிக்கண்டிகை நடுநிலைப் பள்ளிக்குப் போனார்.

தலைமையாசிரியர் ராஜமாணிக்கம் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லாதது அவருடைய தவறும் அல்ல.

"ஒண்ணு கேக்கலாங்களா சார்? ஜூன் மாசத்துலேர்ந்து கணக்கு வாத்தியாரே வர்ல, பீரியடு சும்மாவே போவுதுன்னு கொயந்தை சொல்லுது..."

"யாரு வரலை? வரதன் சாரா?" ராஜமாணிக்கம் வருத்தப்பட்டார். "தினம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுத்தான்யா போறார். அவரை 'இல்லம்தோறும் கல்விச் சூழல்' திட்டத்துல போட்டிருக்கு. வீடு வீடாப் போய், பிள்ளைங்க வீட்டுல கணக்குப் போடுதான்னு பார்த்துக்கிட்டு இருக்கார். நீங்கள்ளாம் வீட்டுல ஒழுங்காப் பார்த்துக்கிட்டா அவர் ஏன் அலையணும்? அவர் வகுப்புக்கு வராததுக்கு யார் காரணம்னு நீயே யோசிச்சுப் பாரு."

துலுக்காணம் யோசித்துப் பார்த்தார். தானும் ஒரு காரணம்தான் என்று தோன்றியது. தலைகுனிந்து நின்றார்.

அந்த வாரமே வரதன் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் சைக்கிள் மிதித்து முகம் கறுத்திருந்தது. கையில் நீளமான படிவம். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம், வாரத்தில் இரண்டு தடவை, என்பது கணக்கு. துலுக்காணம் எதிரில் கைகட்டி நின்றார். அவர் மனைவி செங்கம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குழந்தை படிக்கத் தனி அறை இருக்கா?"

"ஊடே ஒரே ரூமுதான் சார்."

வரதன் சற்று நிதானித்து, "வேற அறை ஒட்டி இல்லைன்னா அது தனி அறைதான்" என்று 'ஆம்' என எழுதினார். அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போயிற்று. அடுத்தது கடிகாரம், இல்லை. கால அட்டவணை, இல்லை. தகப்பனார் தினமும் செய்தித்தாள் படித்து நாட்டு நடப்பைக் குழந்தைக்குச் சொல்கிறாரா, இல்லை. படிக்கிற நேரத்தில் அமைதி நிலவுகிறதா என்ற கேள்விக்குக் கைக்குழந்தையே பதில் சொல்லிவிட்டது.

"கண்டிப்பு உண்டா?"

"கண்டிப்புன்னா?"

"அடிப்பீங்களா?"

"அத்த எதுக்கு சார் அடிக்கணும்? அது பாட்டுக்கு கீது."

வரதன் அங்கே முட்டை போட்டார். அறுபதுக்கு ஒன்பது. செல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "நைனா, உனக்கு என்னவிட கம்மி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தகப்பன்மார்களின் தர வரிசையைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று பேர். துலுக்காணம் நாற்பத்து இரண்டாவது. கடைசி இடம் பக்கத்து வீட்டுச் சின்னதுரைக்கு. சின்னதுரை விஷக் காய்ச்சலில் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயரை நீக்கச் சொல்லி மனைவி ஜானகியம்மாள் கேட்டபோது, செத்தவர்களை நீக்க அந்தப் பதிவேட்டில் இடம் விடப்படவில்லை என்று தெரியவந்தது.

கடைசிப் பதினைந்து பேரும் சனிக்கிழமை மதியம் வகுப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். சின்னதுரைக்குப் பதிலாக ஜானகியம்மாள் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். கல்வித் துறைத் துணை ஆய்வாளர் அருணகிரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குக் கம்பீரமான குரல்.

"ஒரு குழந்தை தோற்றுப்போகிறது. யார் காரணம்?" என்று கேட்டார். "நிதானமாகப் பார்ப்போம். அரசாங்கம் திட்டம் தீட்டியிருக்கிறது. துறை படிவம் அச்சடித்திருக்கிறது. தலைமையாசிரியர் அதை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார். ஆசிரியர் எடுத்து நிரப்பியிருக்கிறார். எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தாயிற்று. இனி மிச்சம் இருப்பது யார்?"

மிச்சம் இருந்தவர்கள் பெஞ்சியில் நெளிந்தார்கள்.

"என் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாத்தியார்கள் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் மாணவனாக வருகிறான். இதிலிருந்து என்ன தெரிகிறது? வீட்டுச் சூழல்தான் எல்லாம் என்று தெரிகிறது. நீங்கள் மாலையில் என்ன செய்கிறீர்கள்? தூங்குகிறீர்கள்! வெட்கமாக இல்லை?"

துலுக்காணத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. காலை நாலு மணிக்கு ஆலைத் தொட்டிக்கு அடியில் நெருப்புப் போட ஆரம்பித்தால், மாலை ஏழுக்கெல்லாம் கண் செருகிவிடும். செல்லி ஏதோ படித்துக்கொண்டிருப்பாள்; குரல் மட்டும் தூரத்தில் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து 'இன்னா படிக்கிற' என்று ஒருநாள் கேட்டதுண்டா? இல்லை. தன்னால்தான் பெண் கெடுகிறாள் என்று வீடு வருகிற வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலை செல்லியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கணக்கு போடு. நான் பாக்கறேன்."

செல்லி வாசித்தாள். "பத்து ஆட்கள் ஒரு வேலையை ஆறு நாட்களில் முடிப்பர். அதே வேலையை நான்கு நாட்களில் முடிக்க எத்தனை ஆட்கள் தேவை?"

"எந்தப் பத்து ஆளு? எங்க மில்லு ஆளுங்கன்னா பத்து நாளானாலும் முடியாது."

"அப்டில்லாம் இல்ல நைனா. எல்லாரும் ஒரே மாதிரி வேல செய்வாங்களாம்."

"சரி. போடு."

"எப்டின்னு தெர்ல. யாரும் சொல்லித் தர்ல."

"தெர்லன்னா? யோசி."

"தெர்ல நைனா."

மூன்றாம் தடவையும் தெரியாது என்றபோது, பெஞ்சியும் சுவரில் ஒட்டிய காகிதமும் ஜீப்பில் வந்தவரின் குரலும் ஒன்றாகச் சேர்ந்து அவர் கையை ஓங்க வைத்தன. கன்னத்தில் விழுந்தது. அந்த வீட்டில் அந்தப் பெண்மேல் விழுந்த முதல் அடி அதுதான்.

செல்லி அழவில்லை. யார் அடித்தது என்று தெரியாதவள் போல அவரையே பார்த்தாள்.

"இன்னாய்யா, உனுக்குப் பேயா புட்ச்சிக்கிச்சு?" என்று செங்கம்மாள் கத்திக்கொண்டு வந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். துலுக்காணம் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு வருஷம் கொதிக்கிற நெல்லோடு பழகிக் காய்த்துப்போன கை. அது பட்ட கன்னம் எவ்வளவு வலித்திருக்கும் என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. தகப்பன் மகளிடம் அதை எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த தடவை வரதன் வந்து, "கண்டிப்பு உண்டா?" என்று கேட்டபோது செல்லிதான் முந்திக்கொண்டு, "ஒருதபா அடிச்சாரு சார்! நல்லா அடிச்சாரு!" என்றாள்.

வரதன் இரண்டு மதிப்பெண் போட்டார். அந்த வரிசையில் அதுதான் முழு மதிப்பெண். செல்லி தகப்பனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். துலுக்காணம் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் எதிலும் குறை வைக்கவில்லை. ஆலைக் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிப் பழைய செய்தித்தாள் வாங்கி வந்தார். தகப்பன் செய்தி படித்து மகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவருக்குப் படிக்க வராததால், மகள் படித்து அவருக்குச் சொல்வாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு அதையே மகளுக்குத் திருப்பிச் சொல்வார். பிறகு அதைப் 'பெற்றோர் முயற்சி ஏடு' என்ற நோட்டில் எழுத வேண்டும். எழுதுவதும் செல்லிதான். 'இன்று நான் என் மகளுக்கு அண்டை நாடுகளின் நிலைமையை விளக்கினேன்' என்று மணிமணியான எழுத்தில் எழுதி, நைனாவின் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்துவாள். ஒரு நாளைக்கு ஆறு பத்தி. வீட்டில் அமைதி நிலவ வேண்டும் என்பதற்காகச் செங்கம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

துலுக்காணம் முப்பத்தோராம் இடத்துக்கு வந்தார். கார்த்திகை மாதத்தில் பதினேழாம் இடம். சின்னதுரையும் விடாமல் முன்னேறினார். "படிக்கிற நேரத்துல சத்தம் போடுவாரா?" "மாட்டாரு சார்." "குடிச்சிட்டு வருவாரா?" "வரமாட்டாரு." "தேவையில்லாம ஊர் சுத்துவாரா?" ஜானகியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவாள். ஒழுக்கப் பகுதியில் அந்தச் சரகத்திலேயே முழு மதிப்பெண் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அரையாண்டு முடிந்தது. துலுக்காணம் ஆறாம் இடம். 'முன்னேறிய பெற்றோர்' என்று முத்திரை குத்திய காகிதத்தை ராஜமாணிக்கம் கையில் கொடுத்து, முதுகில் தட்டினார். அதே கையோடு செல்லியின் மதிப்பெண் அட்டையையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு காகிதத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன்னுடையதில் 6. மகளுடையதில், கணக்குக்கு நேரே, 14. எழுத்து தெரியாதவராலும் இதைப் படிக்க முடிந்தது.

"நீ எப்பம்மா கணக்கு போட்ற?"

செல்லி பாவாடை ஓரத்தைச் சுருட்டினாள்.

"சொல்லு கண்ணு. கோச்சிக்க மாட்டேன்."

"எங்க நைனா போட்றது? பேப்பரு படிக்கணும். நீ திருப்பிச் சொல்றத கேக்கணும். அப்பால உன் ஏடு எழுதணும். அத்த முடிச்சா கண்ணு சொக்கிடுது."

"எனக்கு எழுதலன்னா போய்த் தொலையுது! உன்னுத எழுத வேண்டியதுதானே?"

"உன்ன மறுபடியும் அந்த பெஞ்சில குந்த வெப்பாங்களே" என்றாள் செல்லி. "அன்னிக்கு நான் ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன். காலு மடக்க முடியாம நீ குந்திக்கினு இருந்த. எல்லாரும் சிரிச்சாங்க."

துலுக்காணம் முத்திரை குத்திய காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். தனக்கு மதிப்பெண் வாங்கித் தருவதற்காகப் பெண் தன் படிப்பைத் தின்னக் கொடுத்திருக்கிறாள். அவரும் வாயைத் திறந்து வாங்கித் தின்றிருக்கிறார். ஆறாம் இடம்!

தை பிறந்து வரதன் வந்தபோது, துலுக்காணம் அவரைப் பாயில் உட்கார வைத்துக் கும்பிட்டார்.

"சார், ஒரு ஒதவி. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் ஒத்துக்கறேன். எல்லாத்துலயும் எனக்கு முட்டை போட்டுடுங்க. இப்பவே ரேக வெச்சித் தந்துடறேன்."

"என்னய்யா சொல்றீங்க?"

"முட்டை போட ஒரு நிமிசம் ஆவுமா? மிச்சம் முப்பத்தொம்போது நிமிசம் இருக்குது. அதுல கொயந்தைக்குக் கணக்கு சொல்லிக் குடுங்க சார்."

வரதன் திடுக்கிட்டுப் போனார். "அதுக்கு எனக்கு அனுமதி இல்லையே. நான் பார்க்கத்தான் வரலாம். சொல்லிக் கொடுத்தா வேற பணி செஞ்சதா ஆகிடும். மெமோ கொடுத்துடுவாங்க."

"நான் சொல்லமாட்டேன். எம் பொண்ணும் சொல்லாது. எம் பேரு கெட்டாப் பரவால்ல சார்."

வரதன் வெகுநேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா மூடியைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை முட்டைகளாகப் போட்டுக்கொண்டே போனார். கண்டிப்புக்கு நேரே வந்ததும் பேனா நின்றது. "மத்ததெல்லாம் தடவைக்குத் தடவை மாறும். இது நடந்து முடிஞ்சது, முன்னாடியே போட்டு மேலே அனுப்பியாச்சு. கணக்குல ஏறிடுச்சு. மாத்த முடியாது" என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அடுப்புக்கரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் குனிந்தார்.

"பத்து ஆட்கள், ஆறு நாள். முதல்ல ஒரே ஆள் செஞ்சா எத்தனை நாள் ஆகும், சொல்லு பார்ப்போம்."

"அறுவது நாளு சார்."

"அவ்வளவுதான். அந்த அறுபதை நாலு நாளைக்குள்ள முடிக்கணும்..."

"பதினஞ்சு ஆளு!" என்று கத்தினாள் செல்லி.

துலுக்காணமும் உள்ளுக்குள் பதினைந்து என்றுதான் சொல்லிக்கொண்டார். வரதன் நிமிர்ந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. "ஏழு மாசமாச்சு, பாடம் நடத்தி" என்றார்.

வாரத்துக்கு இரண்டு தடவை. வாசலில் செங்கம்மாள் காவல் நின்றாள். தகப்பன் முட்டைமேல் முட்டை வாங்கினார், மகள் பின்னத்தைத் தாண்டி விகிதத்துக்குப் போனாள். சனிக்கிழமை வகுப்பில் அவருக்கு முதல் பெஞ்சியே நிரந்தரமாயிற்று. முழு ஆண்டுத் தேர்வில் செல்லி கணக்கில் ஐம்பத்தெட்டு வாங்கித் தேறினாள். வகுப்பில் கணக்கில் தேறியவர்கள் மொத்தமே ஐந்து பேர்.

இதனால் துறைக்குச் சங்கடம் உண்டாயிற்று. ஜூன் மாதம் பள்ளி வளாகத்தில் பெற்றோர் தின விழா நடந்தபோது, அருணகிரி அந்தச் சங்கடத்தை மேடையிலேயே தீர்த்துவைத்தார். துலுக்காணத்தை மேலே அழைத்து, ஊர் முழுக்கப் பார்க்கும்படி நிறுத்தினார்.

"இந்தச் சரகத்திலேயே மிக மோசமான தகப்பன் இவர். அறுபதுக்கு இரண்டு! அமரரான சின்னதுரைகூட நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறார். அப்படியிருந்தும் இவருடைய மகள் தேறிவிட்டாள். இது திட்டத்துக்குப் புறம்பான தேர்ச்சி என்று சிலர் கோப்பில் எழுதினார்கள். நான் விடவில்லை. கோப்பை ஆராய்ந்தேன். அந்த இரண்டு மதிப்பெண் எதற்குக் கிடைத்தது? கண்டிப்புக்கு! எல்லாவற்றிலும் தவறிய இந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பெண்ணை அடித்திருக்கிறார். அந்த ஒரு அடி அவளை ஐம்பத்தெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அப்படியென்றால், தினமும் அடித்திருந்தால்?"

கூட்டத்தில் தகப்பன்மார்கள் மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார்கள். ஒருவர் தன் பையனைத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் செல்லி துள்ளி எழுந்தாள். துலுக்காணம் மேடையிலிருந்தே கையசைத்து அவளை உட்காரச் சொன்னார். தூணருகில் வரதன் முகம் வெளிறி நின்றுகொண்டிருந்தார். செல்லி வாயைத் திறந்தால் அவர் வேலை போய்விடும். செல்லிக்கும் அது புரிந்தது. மெதுவாக உட்கார்ந்தாள்.

ஆனால் பையனைத் திரும்பிப் பார்த்தவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். துலுக்காணத்தால் சும்மா இறங்கிப் போக முடியவில்லை.

"ஐயா, அந்த ரெண்டு மார்க்க எடுத்துடுங்க."

"என்ன?"

"எனக்கு முட்டையே போட்டுடுங்க. அது தப்பா வாங்கின மார்க்கு."

அருணகிரி சிரித்தார். "மதிப்பெண்ணைக் கூட்டக் கேட்டு மனு வரும். குறைக்கக் கேட்டு வந்ததில்லை. அதற்குப் படிவம் கிடையாது, போய் உட்கார்."

துலுக்காணம் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மேடையில் பேசிப் பழக்கமில்லாததால் ஆலைச் சத்தத்தில் பேசுகிற மாதிரி கத்திவிட்டார்.

"அட்ச்சதுக்கு அப்பாலதான் அது பதினாலு வாங்கிச்சு! கேட்டுக்குங்க. இருவத்தேழு வாங்கிக்கினு இருந்த கொயந்தை பதினாலுக்கு வந்துச்சு. யாரும் அடிக்காதீங்க. நான் அட்ச்சது தப்பு."

கூட்டம் சிரித்தது. ராஜமாணிக்கம் அவசரமாக நன்றியுரையை ஆரம்பித்தார். மோசமான தகப்பனைக் கண்டுபிடித்து நேர்மையாக மதிப்பிட்டதற்காக வரதனுக்குப் பாராட்டுத் தெரிவித்து, இனிமேல் அவர் மாவட்டம் முழுவதும் மற்ற ஆசிரியர்களுக்குப் படிவம் நிரப்பப் பயிற்சி அளிப்பார் என்று அறிவித்தார்கள். வரதன் கைகூப்பினார். இறங்கிப் போகும்போது துலுக்காணத்தின் பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

தகப்பனும் மகளும் முன்னால் நடந்தார்கள். செங்கம்மாள் குழந்தையோடு பின்தங்கி வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அரக்கோணம் வண்டிக்காக நின்றபோது துலுக்காணம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நான் கை நீட்டியிருக்கக் கூடாது கண்ணு."

செல்லி, "வாத்தியாரு கையில அத்த சொல்லி எழுத வெச்சது நான்தானே நைனா" என்றாள். "சொல்லாம இருந்திருக்கணும்."

"நீ எனக்கோசரம் சொன்ன."

"நீயும் எனக்கோசரந்தான் அடிச்ச."

"இல்ல" என்றார் துலுக்காணம். "அது எனக்கோசரம் அட்ச்சது. சொவுத்துல எம் பேரு கடைசில கீதேன்னு."

வண்டி வந்தது. அது இரைந்துகொண்டு கடந்து போயிற்று. கேட் தூக்கியதும் செல்லி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, திங்கக்கெழம திருவள்ளூரு பள்ளிக்கூடம். ஒம்போதாவது. மொத நாளு கூட வர்றியா?"

"வரேன். நான் வந்து இன்னா பண்ணணும்? எதுனா ரேக வெக்கணுமா?"

"ஒண்ணும் வெக்க வாணாம்" என்றாள் செல்லி. "கேட்டுவரைக்கும் வந்தாப் போதும்."